ஒன்பதேகால் அங்குலம்

என் கணவர் சிவசுப்பிரமணியன் இன்ஜினீயரிங் காலேஜில் சர்வே பாடம் நடத்தினார். வருடாவருடம் தை மாதத்தில் மாணவர்களை முகாமுக்கு அழைத்து வருவது என் பிறந்த ஊரான வாலிகண்டபுரத்துக்குத்தான். அவர்கள் ஏரிக்கரைக் கொட்டகையில் தங்குவார்கள். நாங்கள், பெற்றோர் போனபின் பூட்டிக் கிடந்த என் அப்பா வீட்டைத் திறந்துகொள்வோம்.

கடைசி நாள் தேர்வு. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலிங்கில் ஒரு குறிக்கல் உண்டு. கோயில் வாசற்படியிலிருந்து மட்டம் பார்த்துக்கொண்டே போய், அந்தக் கல் படியைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கண்டுபிடிக்க வேண்டும். சரியான விடை என் கணவரின் சட்டைப்பையில் ஒரு துண்டுத்தாளில் இருக்கும். எட்டு வருடமாக அதே தாள், அதே விடை.

அந்தக் கல்லின் முகத்தில் காக்கைக்கால் போல மூன்று கோடுகள் வெட்டியிருக்கும். சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து வழிகிற தண்ணீரில் கால் நனைத்திருக்கிறேன். 1946 ஐப்பசி மழையில் கலிங்கின் ஒரு பக்கம் சரிந்தது. வீட்டுக்கு ஓடு மாற்றுவதற்காக நான் அப்போது தனியாக ஊருக்கு வந்திருந்தேன். ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சுகிற பெரியசாமியும் ஆட்களும் கல்லைத் தூக்கி மறுபடி வைத்தார்கள். அடிவரிசைக் கற்கள் அடித்துக்கொண்டு போயிருந்ததால் அது முன்பைவிடக் கீழே உட்கார்ந்தது. பக்கத்துச் சுவரில் பழைய சுண்ணாம்புத் தடம் அப்படியே இருந்தது. அதற்கும் கல்லின் தலைக்கும் நடுவே, விளையாட்டாக, என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு சாண்.

மூன்று மாதம் கழித்து முகாம் நடந்தது. தேர்வன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த என் கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இருபத்திரண்டு பேர் விடையைச் சரியா கொண்டு வந்துட்டானுங்க. ஒருத்தன் மட்டும், நல்லதம்பின்னு அரியலூர்க்காரன், ஒன்பதேகால் அங்குலம் தப்பு. திரும்ப அளடான்னேன். மூணு தடவையும் அதே ஒன்பதேகால்! ஏன்டா, கல்லு எழுந்து நடந்து போச்சா, தண்ணி குடிக்கன்னு கேட்டேன்."

நானும் சிரித்தேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சாண் நினைவுக்கு வந்தது. கரண்டி நின்றது. "என்ன?" என்றார். "ஒன்றுமில்லை" என்றேன்.

கல்யாணமான புதிதில் அவர் எனக்குப் புத்தகங்கள் தந்து, படித்து முடித்ததும் கேள்வி கேட்பார். அவர் முகத்தைப் பார்த்தே அவருக்கு வேண்டிய விடையைச் சொல்லப் பழகியிருந்தேன். "கெட்டிக்காரி" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது.

அவர் கொட்டகைக்குப் போனபின் நல்லதம்பி வந்தான். இருபது வயதிருக்கும். வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"சார் இல்லையே" என்றேன்.

"தெரியுங்கம்மா. ஒங்களத்தான் பாக்க வந்தேன். அந்தக் கல்லு எறங்கிடுச்சுன்னு பெரியசாமி சொல்றாரு. சார்கிட்ட கூட்டிட்டுப் போனேன். நீ சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்த ஆளுடான்னு வெரட்டிட்டாரு. நீங்க இந்த ஊருல பொறந்தவங்க. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா சார் நம்புவாருங்க. முகாமுல ஃபெயிலானா வருசமே போயிடும். ஸ்காலர்ஷிப்பும் நின்னுடும். அப்புறம் நான் படிக்க முடியாதுங்க."

என்னைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மத்தியானம் சிரித்துவிட்டுச் சாயங்காலம் வேறு முகத்தோடு அவர் எதிரில் நிற்பது எப்படி என்ற கூச்சம் மட்டும்தான். அந்தக் கூச்சத்துக்கு அவ்வளவு எடை இருந்தது.

"அவர் வேலையில் நான் தலையிடுறதில்லைப்பா."

"சரிங்கம்மா, போயிட்டு வரேன்" என்று போனான். அந்த வருடம் அவன் தேறவில்லை. அரியலூருக்கே திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

1949இல் பாடத்திட்டத்தையும் பரீட்சைகளையும் மாற்றி அமைக்க யோசனை எழுதித் தரும்படி காலேஜில் கேட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "பரீட்சை வைப்பவருக்கே முன்கூட்டி விடை தெரியாத வேலையை மாணவனுக்குக் கொடுக்க வேண்டும். விடைக்கு மட்டும் மார்க் போட்டால் அவன் விடையைத்தான் தேடுவான், அளக்க மாட்டான்." பேனாவைக் கீழே வைத்தேன்.

"அந்த வருஷம் கல் இறங்கித்தான் இருந்தது. நானே கையை வைத்துப் பார்த்தேன்."

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "அப்படின்னா அந்த இருபத்திரண்டு பேரும்?" என்றார்.

"முந்தின வருஷத்து நோட்டைப் பார்த்து எழுதியிருப்பார்கள்."

"எல்லாரையும் பாஸ் போட்டேனே, வேணி. இப்ப ஒருத்தன் அணைக்கட்டு வேலையில இருக்கான்."

அவர் இருபத்திரண்டு பேரை நினைத்தார். நான் ஒருவனை நினைத்தேன்.

அடுத்த வாரமே அரியலூருக்குப் போனோம். ஊருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழியில், வெட்டின கல்லை அளந்து எழுதுகிற வேலை நல்லதம்பிக்கு. அவர் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார். "நீ போய்ச் சொல்லு, நான் அப்புறம் வரேன்" என்றார். நான் மட்டும் அவன் உட்கார்ந்திருந்த கொட்டகைக்குள் போனேன். உடனே அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவனைத் திரும்பக் காலேஜில் சேர்க்க அவர் முயற்சி செய்வதையும் சொன்னேன்.

"ரெண்டு புள்ளைங்க ஆயிடுச்சுங்கம்மா" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரியா எவ்வளவு எறங்கியிருந்துச்சுங்க? ஒன்பதேகால்தானே?"

"தெரியாதுப்பா. அளந்தவன் நீ ஒருத்தன்தான். போன வருஷம் கலிங்கை இடித்து சிமெண்டில் கட்டிவிட்டார்கள். அந்தக் கல்லையும் உடைத்துப் போட்டுவிட்டார்கள். நான் வைத்துப் பார்த்தது என் கையைத்தான்."

மேஜைமேல் கையை விரித்து வைத்தேன். அவன் மடக்கு அளவுகோலை எடுத்து, என் கையில் படாமல் பக்கத்தில் வைத்து, குனிந்து பார்த்தான்.

"எட்டே முக்கால். அரை அங்குலம் கொறையுது. மூணு தடவையும் எனக்கு ஒன்பதேகால்தானுங்களே வந்துச்சு" என்றான். பிறகு, "அம்மாவையும் ஃபெயில் போட வேண்டியதுதான்" என்று அளவுகோலை மடக்கினான்.

வெளியே லாரி வந்து நின்றது. அவன் நோட்டை எடுத்துக்கொண்டு குழிப் பக்கம் இறங்கினான். மேஜைமேல் சுண்ணாம்புத் தூசி படிந்திருந்தது. நான் கையை எடுத்தபின் அதில் விரல்களின் தடம் மட்டும் இருந்தது.