படகு போகும் பக்கம்

நகரத்தின் நூறாம் ஆண்டு விழாவுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. புதுக் கொடியை மேசைமேல் விரித்த மாநகராட்சி மேலாளருக்கு முகம் சுண்டிப்போனது. அளந்து அளந்தே பேசும் அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ரூல்தடி.

“என்னம்மா இது? படகு கம்பத்தைப் பார்த்து வருது! வெளியிலதானே போகணும்?”

“தெரிஞ்சேதான் தைச்சேன் சார்,” என்றாள் தையல்காரி.

“தெரிஞ்சேவா! அப்போ பழைய கொடியே பறக்கட்டும். நாளையிலேர்ந்து நீ வர வேணாம்.”

கூட வந்த நாத்தனார் அவள் முழங்கையைக் கிள்ளினாள். “அண்ணி, ஒரு மன்னிப்பு கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?”

தையல்காரிக்கு அது பன்னிரண்டு வருட வேலை. ஆனாலும் சுவருக்குப் போய்க் கண்ணாடிப் பிரேமுக்குள் இருந்த முதல் கொடியைக் காட்டினாள். வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் ஒரே படகில் வந்து இறங்கிய மேட்டில் எழுந்த நகரம் இது. அவர்களே தைத்த கொடி அது. நீலத்துணி நடுவே மஞ்சள் படகு, வலப்பக்கம் பார்த்தபடி. கம்பம் இடப்பக்கம் என்று எண்ணி எல்லோரும் அதையே நகலெடுத்தார்கள். படகு வணிகத்துக்குப் புறப்படுகிறது என்று பள்ளிப் புத்தகமும் விளக்கம் எழுதிவிட்டது. ‘கொடியே மூட்டை கட்டிடுச்சு’ என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கிண்டலடிப்பார்கள்.

“சார், நான் எத்தனை கொடிக்கு ஒட்டுப் போட்டிருப்பேன்! கம்பத்துப் பக்கம் கிழிஞ்சதே இல்ல. காத்து அடிச்சு நார்நாராப் போறது மறுபக்கம்தான். இதுல ஒட்டெல்லாம் எங்க இருக்கு?”

ரூல்தடி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். எல்லாம் இடப்பக்கம்.

“அப்போ கம்பம் வலப்பக்கம். படகு வந்துக்கிட்டிருக்கு சார்.”

“ஊகம்! ஓரமெல்லாம் மரத்துக்குள்ள மறைஞ்சிருக்கே.”

“அப்போ பிரேமைக் கழட்டுங்க,” என்றது வாசலில் ஒரு குரல். மேயர் அம்மா.

“நூறு வருஷப் பொருள் மேடம், அனுமதி…”

“குடுத்தாச்சு.”

தையல்காரி கத்தரிக்கோல் நுனியால் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். மரச்சட்டம் பிரிந்தது. இட ஓரம் பஞ்சாய்ப் பிரிந்திருந்தது. வல ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை பட்டி தைத்த ஊசித்துளைகள். நடுநடுவே கயிறு கோத்த இரும்பு வளையங்களின் துருக்கறை மூன்று.

மேயர் அம்மா கையைத் தட்டிச் சிரித்தார். “அடடா, வந்தவங்களை இத்தனை வருஷமாத் திருப்பி அனுப்பிட்டிருந்தோமா!”

ரூல்தடி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “மேடையில சின்னக் கொடி நாப்பது இருக்கே!”

“கயிறு நுழையுற பட்டியைப் பிரிச்சு மறு ஓரத்துல வச்சுத் தைச்சாப் போதும். நீங்க பிரிங்க சார், நாங்க தைக்கிறோம்.”

பிரித்தார். அளந்து அளந்து, ஒரு இழை அறாமல் பிரித்தார்.

சதுக்கத்தில் புதுக் கொடி கம்பத்தில் ஏறியது. காற்று அதை விரித்தது. மஞ்சள் படகு அலைமேல் எம்பி எம்பிக் கம்பத்தை நோக்கி வந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அதையும் மீறிக் காதைத் துளைத்தது ஒரு விசில்.

அண்ணிக்கு விசிலடிக்கத் தெரியும் என்று நாத்தனாருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.