தாய் வீட்டில் இருக்கிறாரா

"அம்மா வீட்ல இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, விசைப்பலகையில் விரலை வைத்தபடி காத்திருந்தாள் டாக்டர். டாக்டரே சின்னப் பெண்தான். அதுவரை கேட்டதற்கெல்லாம் மகள் தரையைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தூக்கம் வரல. பசி இல்ல. அழுகை வருது, ஏன்னு தெரியல. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் தலையைத் திருப்பி, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் அம்மாவை, பேராசிரியையைப் பார்த்தாள்.

"இருக்காங்க," என்றாள்.

டாக்டரின் முகம் தெளிந்தது.  அந்தக் கேள்வியை எழுதியவளே பேராசிரியைதான்.

பிரசவமான பெண்களின் மனநிலையைப் பற்றிய அவளுடைய ஆய்வில் தாயைப் பற்றி முதலில் எத்தனையோ கேள்விகள் இருந்தன. அம்மா உன்னோடு பேசுகிறாளா? குழந்தையை வாங்கிக்கொண்டு உன்னைத் தூங்கச் சொல்கிறாளா? அவள் முன்னால் உன்னால் அழ முடியுமா? வீடு வீடாகப் போய்க் கேட்டவர்கள், ஒவ்வொரு பெண்ணும் கதை கதையாகச் சொன்னதை அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார்கள். இதை வைத்துக்கொண்டு கணக்குப் போட்ட மாதிரிதான் என்று அலுத்துப்போய், எல்லாவற்றையும் வெட்டி ஒரே கேள்வியாக ஆக்கினாள். தாய் வீட்டில் இருக்கிறாரா, ஆம் அல்லது இல்லை. ஆம் என்றவர்களுக்கு மனச்சோர்வு வரும் ஆபத்து பாதிதான் என்று வந்தது. கட்டுரை பிய்த்துக்கொண்டு போனது. ஒரு வரியில் கேட்டு, ஒரு சொல்லில் பதில் வாங்கி வேலையை முடித்துவிடலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் அதை மேற்கோள் காட்டினார்கள். சுகாதாரத் துறை அதை ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களிலேயே ஏற்றிவிட்டது. ஆம் என்று தட்டினால் அவசர வரிசையிலிருந்து பெயர் சாதாரண வரிசைக்கு இறங்கிவிடும்.

போன வாரம் அதற்காகத்தான் கல்லூரியில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அந்த விழாவில் பேசுவதற்கான உரையை வாரக்கணக்காக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். பக்கத்து அறையில் மகளும் குழந்தையும். மருமகன் வேலை நிமித்தம் வேறு ஊரில் இருந்தான். உன் அம்மா இருக்கிறார்கள், கவலை இல்லை என்று தினமும் போனில் சொல்வான்.

ஒரு மத்தியானம் குழந்தை வீறிட்டு அழுதது, நிற்கவே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தால், மகள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, போட்ட உடுப்போடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "தண்ணி ஓடினா சத்தம் கேக்காதும்மா," என்றாள். பேராசிரியை குழாயை மூடினாள். "கொஞ்ச நாள்ல சரியாயிடும், குட்டிமா. எல்லாருக்கும் இப்படித்தான்." இதே வார்த்தைகளைச் சொல்லும் அம்மாக்களைக் கிண்டலடித்து ஒரு கருத்தரங்கில் கைதட்டல் வாங்கியவள் அவள்.

நேற்றுக் காலை மகள் பல் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "பால்கனிக் கதவப் பூட்டி, சாவிய நீயே வச்சுக்கோம்மா. எங்க வச்சிருக்கேன்னு எங்கிட்ட சொல்லாத." பேராசிரியை பூட்டினாள், ஒளித்து வைத்தாள். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது. இன்று தூக்கத்துக்கு மாத்திரை வாங்கலாம் என்று சொல்லித்தான் இங்கே கூட்டிவந்திருந்தாள்.

"பயப்பட ஒண்ணும் இல்ல," என்றாள் டாக்டர். "அம்மா கூட இருந்தா பாதிக் கஷ்டம் போயிடும்னு பெரிய ஆராய்ச்சியே இருக்கு. அடுத்த மாசம் வாங்க, பாக்கலாம்."

மகள் சிரித்தாள். குழந்தை பிறந்தபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை, பார்க்கச் சகிக்கவில்லை. "அந்த ஆராய்ச்சியப் பண்ணதே இவங்கதான்."

டாக்டர் எழுந்தே நின்றுவிட்டாள். "மேடம், நீங்களா? உங்க கட்டுரைதான் எங்களுக்குப் பாடமே." பிறகு மகளிடம், "அப்புறம் உங்களுக்கென்ன? வைத்தியத்த வீட்லயே வச்சுக்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்கீங்க," என்று சிரித்தாள்.

இப்படிப்பட்ட நேரங்களுக்கென்று பேராசிரியையிடம் ஒரு புன்னகை உண்டு. அது உதடு வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே சிரித்துவிட்டு, மாத்திரையை வாங்கிக்கொண்டு, மகளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம்கூட இல்லை. எதையும் எதிர்பார்க்காத முகம் அது.

"அந்தக் கேள்விக்கு இல்லைன்னு போடுங்க," என்றாள்.

"நீங்க வீட்லதான இருக்கீங்க, மேடம்?"

"வீட்ல இருக்கேன். இவகூட இல்ல."

டாக்டர் குழப்பத்தோடு திரையைப் பார்த்தாள். "இதுல வீட்ல இருக்காங்களான்னு மட்டுந்தான் இருக்கு."

"தெரியும்மா. அப்படி எழுதினது நான்தான்." அவள் மகளைக் காட்டினாள். "நேத்து பால்கனிக் கதவப் பூட்டச் சொன்னா. சாவிய ஒளிச்சு வைக்கச் சொன்னா. ஏன்னு நான் கேக்கல."

டாக்டர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். நாற்காலியை இழுத்து மகளின் எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "எதுக்குப் பூட்டச் சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மகள் மடியில் தூங்கும் குழந்தையின் துணியை இழுத்துவிட்டாள். "அங்க போய் நின்னா திரும்பி வர மனசு வரல," என்றாள்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போக வேண்டாம். நான் பெரிய டாக்டரக் கூட்டிட்டு வரேன்." டாக்டர் வாசலில் நின்று பேராசிரியையைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது அந்தப் பார்வையில் மரியாதை குறைந்திருந்தது. "இவங்களத் தனியா விட்டுடாதீங்க, மேடம்."

கதவு தானாக மூடிக்கொண்டது.

"நேத்தே கேட்டிருக்கலாம்லம்மா?" என்றாள் மகள்.

 குழந்தையை அம்மாவிடம் நீட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, பரிசோதனைக் கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். கை மாறியதில் குழந்தை விழித்துக்கொண்டது. முதலில் சிணுங்கி, பிறகு வீறிட்டது. மகளின் தோள் குறுகியது. இரண்டு கையாலும் காதை அழுத்திப் பொத்திக்கொண்டாள்.

பேராசிரியை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி கதவருகே போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள். வெளியே கொண்டுபோனால் மகள் தனியாக இருப்பாள். உள்ளேயே வைத்துக்கொண்டால் இந்தச் சத்தம் அவளைப் பிடுங்கித் தின்னும். கடைசியில் கதவைத் திறந்து, அது மூடிவிடாமல் ஒரு காலால் தடுத்து, குழந்தையைத் தாழ்வாரத்துப் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் கட்டிலின் பக்கம் திருப்பி வைத்து நின்றாள்.