ஒரு மீட்டர் காவல்

தாக் மான்சு தன் வீட்டு வாசலுக்கு மூன்று காவல் வைத்திருந்தார். 'கடிநாய், ஜாக்கிரதை' என்றொரு பலகை, சிவப்பு விளக்கு மினுக்கும் கேமரா, ஒரு வெள்ளை நாய். கேமரா பொம்மை. உள்ளே பாட்டரியைத் தவிர எதுவும் கிடையாது. பலகையும் பொய்தான். அந்த நாயிடம் கடிபட வேண்டுமென்றால் திருடனே ஒரு மீட்டருக்குள் வந்து காலை நீட்ட வேண்டும், சங்கிலி அவ்வளவுதான். மூன்றில் உயிருள்ளது நாய் மட்டும் என்பதால் அதற்குத்தான் செலவு குறைவு. ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சிய சோறும் மிஞ்சிய சூப்பும் ஒரே சட்டியில்.

பம்கோல் பள்ளத்தாக்கில் பார்சல் கொடுக்கும் மா யோங்ரான் நான்கு வருடங்களாக அந்த நாயின் குரைப்பைக் கேட்டுவந்தாள். வண்டி பாலம் ஏறும்போதே ஆரம்பித்துவிடும். "வந்துட்டேன்டா, தொண்டை கிழியாதே" என்று அவளும் பதிலுக்குக் கத்துவாள். குளிர்காலத்தில் அதன் தண்ணீர்ச் சட்டி கல்லாக உறைந்து கிடக்கும். தன் குடுவையிலிருந்து வெந்நீரை ஊற்றிவிட்டுப் போவாள். அன்பு என்றெல்லாம் அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. உறைந்த சட்டியைப் பார்த்தால் எரிச்சல் வரும், அவ்வளவுதான்.

ஒருமுறை நாயின் பெயரைக் கேட்டாள்.

"காலிங் பெல்லுக்கு யாராவது பேரு வைப்பாங்களா, டெலிவரி அம்மா?" என்று சிரித்தார் மான்சு. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. தான் சொல்வதெல்லாம் நகைச்சுவை என்று நினைப்பவர்.

அந்த இலையுதிர்கால அறுவடைத் திருநாளுக்கு சியோலிலிருந்து மகனும் மருமகளும் கைக்குழந்தையோடு வந்தார்கள். முதல் நாளே நாய் குரைத்ததில் குழந்தை தூங்கவில்லை, மருமகளுக்குத் தலைவலி. மகன் போனில் எதையோ ஆர்டர் செய்தான். மறுநாள் அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் யோங்ரான்தான். கையகலப் பெட்டி. 'குரைப்புத் தடுப்புக் கழுத்துப்பட்டை' என்று மேலேயே அச்சிட்டிருந்தது. அவள் படித்தாள், கொடுத்தாள், அடுத்த வீட்டுக்குப் போனாள். ஒரு நாளைக்கு இருநூறு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் நின்று யோசித்தால் பிழைப்பு ஓடாது.

திருநாள் முடிந்து மகன் குடும்பம் கிளம்பிப் போய் ஐந்தாம் நாள். மான்சு சந்தைக்குப் போயிருந்தார். முற்றத்தில் வெயிலில் காய்ந்து, கட்டி வைக்கப்பட்டிருந்த எட்டு மூட்டை சிவப்பு மிளகாயையும் பட்டப்பகலில் எவனோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். இயந்திரத்தில் உலர்த்தாத, வெயில் மட்டுமே பார்த்த மிளகாய். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் மாதத்துக்கு முன்னால் அது பொன் மாதிரி. அந்த ஊரில் மகன் பரீட்சையில் தோற்றால்கூட இவ்வளவு துக்கம் விசாரிக்க வரமாட்டார்கள்.

மறுநாள் யோங்ரான் போனபோது வாசலில் மான்சுவும் ஊர்த்தலைவர் பியோ கிபேயும் நின்றிருந்தார்கள். நாய் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"எட்டு மூட்டை! பக்கத்து வீட்டுக்காரங்க நேத்துப் பூராத் தோட்டத்துலதான் இருந்திருக்காங்க. ஒரு சத்தம் கேக்கலையாம். சோறு தின்ன வாயால ஒரு தடவை குரைச்சிருக்கக் கூடாதா?" என்றார் மான்சு.

"கேமராவுல பாரேன்," என்றார் ஊர்த்தலைவர்.

"அது... வேலை செய்யல."

"என்னைக்கு வேலை செஞ்சுது? நீ வாங்குன கடையிலயே எனக்கும் ஒண்ணு தள்ளப் பாத்தாங்க."

மான்சு பேச்சை மாற்றினார். "நாய்க்காரனுக்குப் போன் போட்டாச்சு. சனிக்கிழமை வந்து தூக்கிட்டுப் போவான். பிரயோஜனம் இல்லாத சனியன்."

நாய்க்காரன் கூண்டு வண்டியில் வந்து, கிலோக் கணக்கில் நாய் வாங்குவான். எங்கே கொண்டுபோவான் என்று அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் கேட்பதில்லை. தெரியாததால் அல்ல.

மான்சு அவள் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒரு காரணம். தண்ணி ஊத்தி ஊத்தி அதைக் கெடுத்து வெச்சிருக்கீங்க. ஆளைக் கண்டா வாலாட்டப் பழகிடுச்சு."

வேண்டாத நாயை நானே எடுத்துக்கொள்கிறேன் என்ற வாக்கியம் அவள் நாக்கு நுனி வரை வந்திருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே கயிறு கையில் கிடைத்திருக்கும். ஆனால் தண்ணீரைப் பற்றிய அந்தப் பேச்சு அவளைச் சுட்டுவிட்டது. கூடவே வேறொன்றும் நினைவுக்கு வந்தது. நேற்று மத்தியானம் அவள் வண்டி பாலம் ஏறியபோது சத்தமே இல்லை. வாசலில் நாய் வாயைத் திறந்தது, உடம்பு ஒரு துள்ளு துள்ளியது, மூடிக்கொண்டது. தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துப் போய்விட்டாள்.

அவள் குந்தி உட்கார்ந்து நாயின் கழுத்து மயிருக்குள் விரலை விட்டாள். சங்கிலி வாருக்கு அடியில் இன்னொரு பட்டை இருந்தது, அதன் பக்கிளைக் கழற்றி எடுத்தாள். கறுப்பு வார், தீப்பெட்டி அளவு டப்பா, அதிலிருந்து நீண்ட இரண்டு உலோக முனைகள். முனைகள் பதிந்திருந்த இடத்தில் தோல் வெந்து ஈரமாக இருந்தது.

"இது என்ன முதலாளி?"

மான்சு பார்த்தார். "பையன் கழட்டிட்டுப் போயிருப்பான்னு நினைச்சேன்."

"குரைக்கறதுக்குன்னு நாயைக் கட்டி வெச்சிட்டு, குரைச்சா ஷாக் அடிக்கற மிஷினை மாட்டி விட்டிருக்கீங்க. நேத்து அது குரைக்கப் பாத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் வாங்கியிருக்கும்."

"அட, லேசா ஒரு அதிர்வுதான். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு பையன் சொன்னான்."

"குடு இப்படி," என்று வாங்கினார் ஊர்த்தலைவர். முனைகளைத் தன் தொண்டையில் அழுத்திக்கொண்டு, தினமும் காலையில் ஒலிபெருக்கியில் பேசும் அதே கம்பீரக் குரலில், "வணக்கம், உங்க ஊர்த்தலைவர் பேசுறேன்..." என்று தொடங்கினார். 'பேசுறேன்' முடியவில்லை. ஒரு முழம் எகிறி, வாயில் வந்த கெட்ட வார்த்தையோடு பட்டையை வேலிக்கு அப்பால் வீசினார். "எறும்பா? உன் வீட்டு எறும்பு மாட்டு சைஸுல இருக்குமா?"

மான்சு நாயையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கப்படுகிறார் என்று யோங்ரான் நினைத்தாள். அவரை அதிகமாக மதித்துவிட்டாள்.

"அப்ப என் நாய் கடமையைச் செஞ்சிருக்கு!" என்றார். முகம் மலர்ந்திருந்தது. "பாத்தியா கிபே? ஷாக் வாங்கிக்கிட்டே குரைக்கப் பாத்திருக்கு. எங்க கிடைக்கும் இப்படி ஒரு காவல் நாய்?" அங்கேயே நாய்க்காரனுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார்.

"நான் எடுத்துக்கறேன், குடுத்துடுங்க," என்றாள் யோங்ரான். காலம் கடந்த பிறகு.

"நல்லா இருக்கே! திருடு போன வீடு, நாயையும் குடுத்துட்டு நான் என்ன நானே குரைக்கவா?"

"குரைக்கலாம். குரல் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

நாய் குற்றமற்றது என்று நிரூபித்தாள். குற்றமற்றதற்குப் பரிசு, அதே ஒரு மீட்டர். வண்டியில் ஏறித் தன்னைத்தானே திட்டிக்கொண்டே அடுத்த ஊருக்குப் போனாள்.

ஆனால் நாய் குரைக்கவில்லை. பட்டை போய்விட்டது என்று அதற்கு யார் சொல்வது? மான்சு கைதட்டிப் பார்த்தார். கூழாங்கல் எறிந்தார். அறிமுகமில்லாத ஆளை வாசலில் நடக்கவிட்டார். அது வாயைத் திறக்கும், கழுத்தை உள்ளிழுக்கும், மூடிக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து அவர் அவளைப் போனில் கூப்பிட்டார்.

"டெலிவரி அம்மா, அன்னைக்கு நாய் கேட்டீங்களே... இன்னைக்கு வர்றப்ப கூட்டிட்டுப் போயிடுங்க. பழுதாப் போச்சு."

கயிறோடு போனாள். மான்சு கொக்கியை விடுவித்து, சங்கிலியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். "இது என்னோடது. குட்டி ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன்."

நாய் எழுந்து நடந்தது. இத்தனை வருடம் சுற்றிச் சுற்றிப் புல் முளைக்காமல் போன மண்வட்டம் முடியும் இடத்தில் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தாள், வரவில்லை. அவள் கெஞ்சவில்லை. கிம்ச்சிக்கு உப்புப் போட்ட முட்டைக்கோஸ் பெட்டி ஒவ்வொன்றும் இருபது கிலோ, தினம் தூக்குகிறாள். இது அதைவிடக் குறைவு. வாரித் தூக்கிப் பக்கத்து இருக்கையில் போட்டாள்.

மான்சுவுக்கு அன்று ஒரு பார்சல் இருந்தது. கையகலப் பெட்டி. அனுப்பச் சொன்னவர் பெயர் மகனுடையது. அதே அச்சு, கீழே 'சிறிய அளவு' என்று ஒரு வரி கூடுதல். ஆங்கிலப் புத்தாண்டுக்கு மருமகள் வருவாளாக இருக்கும்.

"எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டார் மான்சு.

"இல்ல," என்றாள். வண்டிக்குள் உட்கார்ந்து, கருவியில் 'பெறுபவர் மறுத்தார்' என்பதை அழுத்தித் திருப்பியனுப்பும் பெட்டிகளோடு அதை எறிந்தாள். மகன் இன்னொன்று ஆர்டர் செய்வான். செய்யட்டும். அதையும் அவள்தான் கொண்டுவர வேண்டும், அதையும் அவர் மறுத்துவிடுவார்.

பாலத்தில் ஏறியபோது, இந்த வண்டியை நான்கு வருடம் வைது தீர்த்த நாய் வாயைத் திறந்தது. அவளைப் பார்த்தது. மூடிக்கொண்டது.

"கத்துடா," என்றாள். "என்கிட்ட களவு போறதுக்கு ஒண்ணுமில்ல."

அது கத்தவில்லை. அவள் கியரை மாற்றினாள். இன்னும் நூற்றுப் பதினேழு பெட்டிகள் இருந்தன.