கூரை மேல் கிடந்த டயர்கள்

முட்டுக்கட்டை, ஸ்க்ரூ, ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட், ஒரு பெட்டி பீர் சகிதம் டுவைட் வந்து இறங்கினான். ரோண்டாவின் கொழுந்தன். வாயாலேயே வீடு கட்டுகிற ரகம்.

ரோண்டா கோழி ஆலையில் எலும்பு பிரிக்கிறவள். சக்கரத்தில் இழுத்துவந்து நிறுத்திய அவளுடைய பழைய தகர வீட்டில், மகளின் கட்டிலுக்கு மேலே உள்கூரைப் பலகை தொந்தி மாதிரி தொங்கியது. பூஞ்சை பிடித்த அந்த அறையில் பிள்ளைக்கு இளைப்பு வந்ததால்தான் குழந்தைகள் நல அதிகாரி பிள்ளையை அரசுக் காப்பகத்துக்குக் கூட்டிப்போயிருந்தாள். நாளைக் காலை அதிகாரி வீட்டைப் பார்க்க வருகிறாள். அவளுக்குத் திருப்தியானால் பிள்ளை திரும்ப வரும்.

டுவைட் கட்டையை முட்டுக்கொடுத்துத் தொந்தியை மேலே தள்ளி ஸ்க்ரூவை முடுக்கினான். ஊறின ரொட்டிக்குள் போகிற மாதிரி போயிற்று. ஊரில் பாதி வீட்டுக் கூரை தன் கைபட்டதுதான், மேலே வெள்ளை அடித்துவிட்டால் அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது என்று அளந்துகொண்டிருந்தான்.

ரோண்டா பலகையை விரலால் அழுத்தினாள். தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

"மழை நின்னு ஒரு வாரமாச்சு. இந்தத் தண்ணி எங்கருந்து வருது?"

"பழைய ஈரம் அண்ணி. காஞ்சிரும்."

அவள் ஏணியைச் சாத்தி மேலே ஏறினாள். காற்றுக்குத் தகரம் தடதடக்காமலிருக்க அங்கே எல்லாரும் கூரைமேல் பழைய டயர் போடுவார்கள். அவள் வீட்டுக்குப் போட்டவன் டுவைட். டயருக்குள் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. டயரின் வெடிப்பு வழியாக அது கசிந்துகொண்டே இருந்தது. ஒன்றைப் புரட்டினாள். அடித்தகரம் துருவேறி அப்பளமாய் நொறுங்கியது.

"டுவைட்டு, இது உன் கைவேலதான?"

"ஊரே அப்படித்தான் போடுது."

"ஊரு தண்ணி வடிய டயரடியில ஓட்ட போட்டுப் போடும். அதுக்குக்கூட உனக்கு உடம்பு வளையல."

டயர்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினாள். இறங்கி வந்து முட்டுக்கட்டையை உதைத்தாள். பலகையும் குளிருக்கு அதன்மேல் திணித்திருந்த பஞ்சும் ஊறிப்போய்ப் பொத்தென்று தரையில் விழுந்தன. அதிகாரிக்குக் காட்ட இப்போது உள்கூரையே இல்லையே என்று டுவைட் குதித்தான். பிறகு பீர்ப் பெட்டியை மறக்காமல் தூக்கிக்கொண்டு கிளம்பினான். ஏணியைப் பிடிக்கக்கூட ஆளில்லாமல் அவள் புதுத் தகரம் வாங்கிவந்து வைத்துத் தார் பூசி முடித்தாள்.

காலையில் அதிகாரி வெறும் சட்டங்களை அண்ணாந்து பார்த்தாள்.

"உள்கூரை எங்க?"

"அழுகிப்போச்சு. பிச்சுப் போட்டுட்டேன். நீங்க இங்கயே நில்லுங்க."

ரோண்டா ஏறி, ஒட்டின இடத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள். சடசடவென்று சத்தம் மட்டும்தான் வந்தது. நல்ல கோட்டுப் போட்டிருந்த அந்தம்மா நகராமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுப் பலகை அடிச்சதும் சொல்லுங்க. பிள்ளையக் கூட்டிட்டு வரேன்."