ஏழாவது தட்டு

ஜாவாவில் சுராபாயாவிலிருந்து ஸ்ராகென் மூன்று மணி நேரம்தான். வாகினெம் அத்தை வண்டியில் இருந்தால் அதற்கு ஒரு நாள் பிடிக்கும்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஓட்டியது நான். பக்கத்தில் அப்பா, பட்டிக் சட்டை கசங்கிவிடக் கூடாதென்று சீட் பெல்ட்டைக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் என் தம்பி டானுவும், அப்பாவின் தங்கையான அத்தையும். அவர்களுக்கும் பின்னால், சீட்டை மடக்கிவிட்டு, பொன்னிறத் தாளும் ரிப்பனும் சுற்றிய ஆறு சீர்த்தட்டுகள். அப்பாவுக்கு வயது அறுபத்தொன்று. ஸ்ராகெனில் இருக்கும் சுமார்னிக்கும் அதே வயது. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்; போன வருடம் பழைய மாணவர்கள் கூடியபோது மறுபடி பார்த்துக்கொண்டார்கள். இன்று சீர் வைத்துத் தேதி குறிக்கப் போகிறோம். மாப்பிள்ளையின் சீரை ஏற்றிப் போகும் டிரைவர் அவர் பெற்ற பெண். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மா போய் நான்கு வருடம். அப்பா விஷயத்தைச் சொன்ன அன்று நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "உங்க இஷ்டம்பா" என்றேன். எங்கள் வீட்டில் கோபத்தை அதற்கு மேல் காட்டுவதில்லை.

"தலையிலேர்ந்து எல்லாத்துக்கும் வாங்கியாச்சு. காலுக்குத்தான் பாக்கி," என்றாள் அத்தை. முக்காட்டுத் துணி, பட்டிக், தொழுகை உடை, பவுடர் சாமான், கைப்பை, ஒட்டரிசியில் செய்த வாஜிக் இனிப்பு என்று ஆறு தட்டு ஆகியிருந்தது. "ஏழாவது செருப்பு. ஆறு தட்டோட போய் நின்னா ஊரே சிரிக்கும்."

"அத்தை, கல்யாணம் அப்பாவுக்கா, உங்களுக்கா?" என்றான் டானு.

"வாயை மூடுடா. முப்பது வயசாச்சு, உனக்கு ஒரு தட்டு தூக்க வழியைக் காணோம், பேச வந்துட்டான்!"

செருப்பு மகெத்தானில்தான் வாங்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். தோல் செருப்பென்றால் அவருக்கு அந்த ஊர்தான். மதியூனில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, முதலில் பெச்செல் சோறு சாப்பிட உட்கார்ந்தோம். கீரைமேல் ஊற்றிய கடலைச் சாந்து காரமாக இருந்தது. அத்தை பக்கத்துக் கடையில் ப்ரெம் மிட்டாய் பதினெட்டுப் பெட்டி வாங்கிக்கொண்டிருந்தாள், தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுப்பதற்கு. அப்போதுதான் என் போனில் செய்தி வந்தது. சுமார்னிதான்.

'ரெத்னோ கண்ணு, செருப்பு வாங்கப் போறீங்கன்னு உங்க அத்தை சொன்னாங்க. எனக்குப் பெரிய கால்மா. நாற்பது. அவர்கிட்ட சொல்ல வெக்கமா இருக்கு. நீயே பார்த்து எடுத்துடு.'

இரண்டு முறை படித்தேன். போனைப் பைக்குள் போட்டேன்.

"யாரும்மா?" என்றார் அப்பா.

"ஆபீஸ்."

மறைக்க வேண்டுமென்று அப்போது நான் முடிவு செய்யவில்லை. கடையில் அப்பா என்னிடம் கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கேட்காமல் நானாகச் சொல்வதற்கு எனக்கென்ன தலையெழுத்து?

மகெத்தானில் ஒரு தெரு முழுக்கச் செருப்புக் கடைகள்தான். அப்பா மூன்று கடை ஏறி இறங்கி, நான்காவதில் ஒரு கரும்பழுப்புச் செருப்பைக் கையில் எடுத்தார். அடிப்பாகத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். உள்ளே கையை விட்டுத் தையலைத் தடவிப் பார்த்தார்.

"என்ன சைஸ், பாக்?" என்று மரியாதையாகக் கேட்டார் கடைக்காரர்.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "முப்பத்தேழு," என்றார்.

அத்தை சந்தேகமாகக் கேட்டாள்: "அளவு கேட்டியாண்ணே?"

"எனக்குத் தெரியாதா?"

முப்பத்தேழு அம்மாவின் அளவு. அம்மா தன் செருப்பைத் தானே வாங்கியதே கிடையாது. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அப்பா வாங்கி வருவார், அம்மா போட்டுக்கொள்வாள், ஒரு முறைகூட அது கடித்ததில்லை. முப்பது வருடம் சொல்லிச் சொல்லி அந்த எண் அவர் வாயில் அப்படியே தங்கிவிட்டது. அவர் யாருடைய காலைச் சொல்கிறார் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த மனுஷர் அம்மாவை மறக்கவில்லை என்று ஒரு குதூகலம். அதைக் கெடுத்துக்கொண்டு நாற்பது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயைத் திறக்காததற்கு அது மட்டும்தான் காரணம் என்றால் நான் நல்லவள். அந்தம்மா நாலு பேர் முன்னால் கொஞ்சம் சங்கடப்படட்டுமே என்றும் தோன்றியது.

"பத்தலைன்னா கூப்பிடுங்க," என்று கடைக்காரர் என் கையில் கார்டைத் திணித்தார். "ஆனா பொம்பளைங்க சைஸ்ல நாற்பது, நாற்பத்தொண்ணெல்லாம் கையிருப்பு இல்லை. தைக்க ரெண்டு நாள் ஆகும்."

அத்தை அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து செருப்பைத் தட்டில் வைத்து, தாள் சுற்றி, ரிப்பன் கட்டினாள். ஏழு ஆயிற்று. ஙாவியில் மறுபடி இறங்கித் சோயா தெம்பே வறுவல் வாங்கினோம். டானுவின் மடியில், காலடியில், தலைக்குப் பின்னால் எல்லாம் பொட்டலம். "இனி ஒரு கடைன்னா நான் பஸ்ல வந்துக்கறேன்," என்றான். அப்பா சிரித்தார். அவர் அவ்வளவு லேசாகச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வண்டியை எடுத்தேன்.

ஸ்ராகென் வீட்டு வாசலில் சுமார்னி வெறுங்காலுடன் நின்றிருந்தார். நல்ல உயரம். நான் முதலில் பார்த்தது அவர் காலைத்தான். அகலமாக, திடமாக, காலமெல்லாம் நின்று வேலை செய்த கால். பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் சமையல் செய்தவர். கணவர் இறந்து பத்து வருடம் ஆகிறதாம்.

பாய் விரித்த கூடத்தில் ஏழு தட்டையும் வரிசையாக வைத்தோம். சுமார்னியின் அண்ணன் நாலு நல்ல வார்த்தை சொன்னார். துஆ ஓதிப் பிரார்த்தனை முடிந்தது. தேதியும் குறித்தாயிற்று. அத்தோடு எழுந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அத்தை சும்மா இருப்பாளா?

"செருப்பைப் போட்டுப் பாருங்க அண்ணி! எங்கண்ணன் நாலு கடை ஏறி எடுத்தது."

"அப்புறம் போட்டுக்கறேன்."

"அட, வெக்கமென்ன? போடுங்க போடுங்க!" என்று அவர்கள் பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ரிப்பனைப் பிரித்தார். செருப்பைத் திருப்பி அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், ஒரு கணம்தான். நான் டீ கிளாசைப் பார்த்தேன்.

விரல்கள் உள்ளே போயின. குதிகால் பாதி வெளியே நின்றது.

"என்ன மாப்பிள்ளை, பள்ளிக்கூடப் பொண்ணுக்கு எடுத்தீங்களா?" என்றார் அண்ணன். கூடம் சிரித்தது.

"முப்பத்தேழுதானே..." என்று ஆரம்பித்த அப்பா பாதியில் நிறுத்தினார். அவர் முகம் வெளிறிப் போனதைப் பார்த்தேன். அந்த எண் யாருடையது என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அடுத்து யாராவது, முப்பத்தேழு என்று யார் சொன்னது என்று கேட்டால் தீர்ந்தது. இத்தனை பேர் முன்னால், சீர் வைத்த அன்றே, செத்துப்போன மனைவியின் பேரை அவர் எடுக்க வேண்டியிருக்கும்.

"தப்பு என்னோடது," என்றார் சுமார்னி. "ரெத்னோ காலையில கேட்டா. நான்தான் முப்பத்தேழுன்னு எழுதிட்டேன். இவ்ளோ பெரிய காலைச் சொல்லிக்க வெக்கம். கல்யாணப் பொண்ணு இல்லையா நான்?"

சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. அத்தைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. கடையில் எண்ணைச் சொன்னது தான்தான் என்று அவருக்குத் தெரியும். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் தலை குனிந்தேன். எனக்கு அவ்வளவு வெட்கம் வாழ்க்கையில் வந்ததில்லை.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். அத்தை உள்ளே பலகாரம் கட்டி வாங்கிக்கொண்டிருந்தாள், டானு தூக்க நின்றான். அப்பா வண்டியில் உட்கார்ந்துவிட்டார். சுமார்னி செருப்பை ஒரு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"உன் கால் என்ன அளவு கண்ணு?"

"முப்பத்தேழு."

"அப்ப நீ போட்டுக்கோ. நல்ல தோலு, வீணாப் போகக் கூடாது."

குத்தலாக ஏதாவது இருக்குமா என்று அந்தக் குரலில் தேடினேன். ஒன்றும் இல்லை. பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து கடைக்காரரின் கார்டை எடுத்தேன். சுமார்னி நிற்கும்போதே கடைக்குப் போன் போட்டேன்.

"பாக், காலையில வாங்கினோமே, கரும்பழுப்பு. அதே மாடல் இன்னொண்ணு தைக்கணும். நாற்பது. ஆமா, நாற்பதுதான். புதன்கிழமை நானே வந்து வாங்கிக்கறேன், இங்க ஸ்ராகென்ல குடுக்கணும்."

சுமார்னி என் தோளை ஒரு தடவை தட்டிவிட்டு உள்ளே போனார்.

அப்பா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாற்பதா?" என்றார்.

"நாற்பதுப்பா. காலையிலேயே எழுதியிருந்தாங்க, நான்தான் சொல்லலை. முப்பத்தேழு அம்மாவோடது."

அத்தை பொட்டலங்களுடன் படியிறங்கி வரும் சத்தம் கேட்டது.

"கடையில சொல்றப்ப எனக்குத் தெரியவே இல்லம்மா," என்றார் அப்பா. சீட் பெல்ட்டை இழுத்து, சட்டை கசங்கினால் கசங்கட்டும் என்று மாட்டிக்கொண்டார்.