செல்வி வண்டியை ஓரம் கட்டினாள்

1
இந்தக் கதை என்னிடம் ஒரு புகாராகத்தான் வந்தது. பொங்கல் முடிந்து விழுப்புரத்திலிருந்து சென்னை திரும்பிய மாடிவீட்டு கவிதா, பையைக்கூட இறக்கி வைக்காமல், வேன் ஓட்டிவந்த பெண்ணைத் திட்டித் தீர்த்தாள். கேட்கக் கேட்க எனக்கு அந்தப் பெண்ணைத்தான் பிடித்துப்போயிற்று.

2
‘மயிலம் பிரிவைத் தாண்டியதும் முன்னால் போன லாரி திடீரென்று—’

(அந்த வரியை அடித்துவிட்டேன். அங்கே லாரி எதுவும் இல்லை.)

வந்தது தூக்கம், அதுவும் பட்டப்பகலில். விடுமுறை முழுக்க ஊருக்கு வருகிறவர்களையும் திரும்புகிறவர்களையும் ஏற்றி இறக்கியதில் ஆரோக்கியசெல்வி சரியாகப் படுக்கவே இல்லை. ஒரு கணம் கண் சொக்கியது. விழித்தபோது வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டியிருந்தது. பின்னால் இருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

(அவள் பேசாமல் ஓட்டியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.)

திண்டிவனத்துக்கு முன்பே ஒரு டீக்கடை அருகில் ஒதுக்கி, சாவியை உருவிக்கொண்டு திரும்பினாள்.

“எனக்குத் தூக்கம் வருதுங்க. கொஞ்சம் படுத்து எழுந்துதான் எடுப்பேன்.”

3
முன் சீட்டில் இருந்த கோதண்டபாணிக்கு அன்று மாலை டூட்டி.

“இன்னாம்மா, வெளையாடுறியா? ஒரு டீய குடிச்சிட்டு ஜல்தியா எடு.”

“டீ குடிச்சிக்கினேதான் சார் இவ்ளோ தூரம் வந்தேன். இனிமே கண்ணு நிக்காது.”

“அப்போ சாவியக் குடு, நான் ஓட்டுறேன்.”

“தர மாட்டேன் சார். உங்க எல்லாரையும் நம்பி ஏத்திவுட்டது என்கிட்ட.”

அவர் வண்டி முதலாளிக்கே போன் போட்டுக் கொடுத்தார். “மூஞ்சியக் கழுவிக்கினு எடு. இல்லன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராத!” அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“சரிங்கண்ணா, வரல. இப்போ தூங்குறேன்” என்று செல்வி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

[இவ்வளவு துணிச்சல் நம்பும்படி இல்லையே என்று, ‘சீட்டில் சாய்ந்து அழுதாள்’ என எழுதிக் கவிதாவிடம் படித்துக் காட்டினேன். “அழுதாளா? கொறட்ட வுட்டுச்சுக்கா அந்தம்மா!”]

4
கோதண்டபாணி பஸ்ஸுக்குக் கை காட்டிப் பார்த்தார். வந்தவையெல்லாம் நிரம்பி வழிந்தன, எதுவும் நிற்கவில்லை. முனகிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார். செல்வி எழுந்து, முகம் கழுவி, நிதானமாக ஓட்டினாள். எல்லோரும் சென்னையில் தம் கால்களால் இறங்கி நடந்தார்கள். கோதண்டபாணி பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனார். அவருக்கு டூட்டி போயிற்று. அவளுக்கு வேலை போயிற்று.

இங்கே ஒரு விபத்தை வைக்கச் சொல்கிறார் என் நண்பர். வழியில் வேறொரு வேன் நொறுங்கிக் கிடக்க வேண்டுமாம். அப்போதுதான் செல்வி செய்தது சரியென்று எல்லோருக்கும் புரியுமாம். அவளைச் சரியென்று காட்ட யாரையும் சாகடிக்க எனக்கு மனமில்லை. கோதண்டபாணியை மன்னிப்புக் கேட்க வைக்கலாம்; ஆனால் அவர் கேட்கவில்லையே.

5
ஆகவே முடிவு உங்களுடையது. செல்விக்கு வேறு வண்டி கொடுங்கள், சொந்த வண்டியே வாங்கிக் கொடுங்கள், முதலாளியைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதோ, ஸ்டியரிங் மேல் துப்பட்டாவை மடித்துப் போட்டுத் தலை சாய்த்திருக்கிறாள். நெடுஞ்சாலை இரைந்துகொண்டு போகிறது. எதை எழுதினாலும் மெதுவாக எழுதுங்கள்.

அவளாக எழுந்திருக்கட்டும்.