விரல்களை விலக்கிய துடிப்பு

ஃபெர்னாங் ப்ரோஷியே ஓதீலின் சிகிச்சை மேசையில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, சட்டையை மேலே சுருட்டிக்கொண்டார். வால்நட் தோப்புக்காரர், அறுபத்தெட்டு வயது, ஒட்டிய வயிறு. மூன்று வாரத்துக்கு முன்பும் இதே முதுகுவலிக்குத்தான் வந்தார். வயிற்றுக்குள் இறுகிக் கிடப்பதைக் கையாலேயே அசைத்து இளக்கிவிடுவது ஓதீலின் வைத்தியம். அதற்குப் பிறகு அவருக்கு இரண்டு நாள் நல்ல தூக்கம் வந்தது.

“போன தடவை மாவு பிசையிற மாதிரி பிசைஞ்சீங்களே, அதே மாதிரி பிசைஞ்சு விடுங்க. தோப்பு முழுக்க காய் கொட்டிக் கிடக்கு. ஜினெட் என்னடான்னா நான் நடிக்கிறேங்கிறா.”

“உங்க வீட்டம்மா சொல்லி எது தப்பாயிருக்கு?” ஓதீல் கைகளைத் தேய்த்துச் சூடாக்கினாள்.

கல்லீரல் பக்கம் இளக்கமாகத்தான் இருந்தது. தொப்புளுக்கு மேலே விரல்களை இறக்கியபோது துடிப்பு தட்டுப்பட்டது. மெலிந்த உடம்பில் அது தெரிவது சகஜம். போன தடவையும் அப்படி நினைத்துத்தான் மேற்கொண்டு அழுத்தினாள். இன்று ஏனோ மனம் ஒப்பவில்லை. துடிப்பின் இரு பக்கமும் விரல்களை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு துடிப்பும் அவள் விரல்களை இடமும் வலமுமாக விலக்கியது. நடுவே ஆரஞ்சுப்பழ அளவுக்கு ஏதோ ஒன்று.

மெதுவாகக் கைகளை எடுத்தாள்.

“என்ன, அதுக்குள்ள முடிஞ்சுதா?”

“இன்னைக்கு வலி எப்படி?”

“காலையிலேர்ந்து குடைஞ்சு எடுக்குது. உட்கார்ந்தாலும் வலி, படுத்தாலும் வலி.”

“நான் இனிமே அழுத்த மாட்டேன். வயித்துல பெரிய ரத்தக்குழாய் உப்பியிருக்குன்னு தோணுது. ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன்.”

“முதுகுவலிக்கு ஆம்புலன்ஸா? ஊரே சிரிக்கும். வண்டி வாசல்லதான் நிக்குது.” அவர் கையை ஊன்றினார்.

“எழுந்திருக்காதீங்க!”

பதினோரு வருடத்தில் அந்த அறையில் அவள் கத்தியதேயில்லை. அவர் அப்படியே படுத்துக்கொண்டார்.

அவசர எண்ணில் பேசியவன் வண்டி வர இருபது நிமிடம் ஆகும் என்றான். முதல் பத்து நிமிடம் ஃபெர்னாங் கிண்டலடித்துக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு குறைந்தது. நெற்றியில் வியர்வை அரும்பியது, உதடு வெளுத்தது.

“திடீர்னு குளிருது, மேடம்.”

போர்வையைப் போட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றைத் தொட அவளுக்குத் துணிவில்லை. சன்னலுக்கு வெளியே மலை உச்சியை மேகம் மூடிக்கொண்டே வந்தது.

க்ரெனோபிள் நகர ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ரத்தக்குழாய் கசியத் தொடங்கியிருந்தது. ஐந்து மணி நேரம் அறுத்துத் தைத்தார்கள். பிழைத்துவிட்டார் என்று மறுநாள் ஜினெட் தொலைபேசியில் சொன்னாள்; அழுதாள்; நன்றி சொன்னாள். பிறகு குரல் மாறியது.

“ஒண்ணு கேக்கணும். மூணு வாரம் முந்தி வயித்தை அழுத்தினீங்களாமே. அப்பவே துடிச்சுதா?”

வெளியறையில் அடுத்தவர் காத்திருந்தார். ஓதீல் கண்களை மூடிக்கொண்டாள்.

“துடிச்சுது. ஒல்லியா இருக்கிறதாலன்னு நினைச்சேன்.”

ஜினெட் தொலைபேசியை வைத்துவிட்டாள். ஓதீல் எழுந்துபோய், காத்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, இன்று யாரையும் தொட முடியாது என்று சொன்னாள்.